300 ரெஸ்பான்ஸ் வந்துடுச்சு... வராதவங்க யாரு?



ஃபைனல் இயர் வந்தாலே ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட் வந்தாலே சர்வே. ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு கிளாஸ் குரூப், ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப், சொந்தக்காரங்க குரூப்னு எல்லாத்துலயும் தட்டிவிட்டா ரெண்டே நாள்ல 300 ரெஸ்பான்ஸ் சேர்ந்துடும். அதை எக்ஸெல்ல போட்டு நாலு பை சார்ட் வரைஞ்சா ரிப்போர்ட்ல ஒரு சாப்டர் முடிஞ்சுது. வைவாவுல "சாம்பிள் சைஸ் எவ்வளவு?"ன்னு கேப்பாங்க. "300 சார்"னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடலாம்.

ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: உங்க சர்வேக்குப் பதில் சொல்லவே முடியாதவங்க யாரு? ஃபோன்லயோ ஆன்லைன்லயோ எடுக்கிற எந்த சர்வேயோட தரமும் இந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்குது. இந்தக் கட்டுரையில அதை நம்ம ஊர் உதாரணத்தை வச்சே படிப்படியா பார்ப்போம்.

உதாரணம்: 2023 டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. தாமிரபரணி கரை தாண்டுச்சு, குளங்கள் உடைஞ்சுது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் நூத்துக்கணக்கான பயணிகளோட நின்னு போச்சு. நிறைய ஊர்ல கரன்ட் இல்ல, சிக்னல் இல்ல.

இப்போ நீங்க ஆத்தங்கரை ஊர்களுக்கு ஒரு வெள்ள எச்சரிக்கை சிஸ்டம் டிசைன் பண்றீங்கன்னு வச்சுக்குவோம். சென்சார், மைக்ரோகன்ட்ரோலர், எஸ்.எம்.எஸ். அலர்ட் எல்லாம் ரெடி. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரியணும்: அன்னைக்கு எத்தனை வீட்டுக்கு, எப்போ, யார் மூலமா எச்சரிக்கை போச்சு? இதுக்குத்தான் சர்வே. இதுல தப்பான பதில் வந்தா, அடுத்த வெள்ளத்துல தகவல் போய்ச் சேராத அதே வீட்டுக்குத் திரும்பவும் போய்ச் சேராது. மார்க் குறையுறதை விடப் பெரிய விஷயம் இது.

எண்ணிக்கை ஏன் காப்பாத்தாது?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஊர்ல 100 வீடு. அதுல 60 வீட்டை ஃபோன்லயோ ஃபார்ம்லயோ பிடிக்க முடியுது. அந்த 60-ல 48 வீடு "எச்சரிக்கை வந்துச்சு"ன்னு சொல்லுது. அதாவது 80 சதவீதம். மீதி 40 வீட்டுல ஃபோன் இல்ல, இல்லைன்னா நம்பர் மாறிடுச்சு, இல்லைன்னா எடுக்கல. அந்த 40-ல உண்மையில 10 வீட்டுக்குத்தான் எச்சரிக்கை போயிருக்கு. அதாவது 25 சதவீதம்.

மொத்த ஊருக்கும் பார்த்தா 58 வீடு, 58 சதவீதம். ஆனா உங்க ரிப்போர்ட் 80-னு சொல்லும். இந்த 22 எப்படி வந்துச்சு? பதில் சொல்லாதவங்க பங்கையும், ரெண்டு குழுவுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தையும் பெருக்கினா கிடைக்கும்: 0.4 × (80 − 25) = 22.

இந்த ஃபார்முலாவுல சாம்பிள் சைஸ் எங்கயாவது இருக்கா? இல்ல. இதே மாதிரி 10 ஊர்ல எடுத்து 600 வீடு சேர்த்தாலும் அந்த 22 அப்படியே இருக்கும். சாம்பிள் சைஸ் குறைக்கிறது தற்செயலா வர்ற பிழையை மட்டும்தான். முறையா ரேண்டமா எடுத்த 400 பேர் போதும், சுமார் ±5 சதவீதத்துக்குள்ள வந்துடலாம். குரூப்ல ஃபார்வர்ட் பண்ணி வந்த 4,000 பேருக்கு அந்த ± போடுறதுக்கே அர்த்தம் இல்ல.

இதுக்கு உலகம் முழுக்கச் சொல்ற பாடம் 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டை அனுப்பிச்சு, 23 லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு. லேண்டன் ஜெயிப்பார்னு எழுதினாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46-ஐ ஜெயிச்சார். அட்டை அனுப்பின லிஸ்ட்ல பெரும்பகுதி டெலிஃபோன் டைரக்டரியும் கார் பதிவும். பொருளாதார மந்தக் காலத்துல அந்த ரெண்டும் வச்சிருந்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கு மேல, அட்டை கிடைச்சும் திருப்பி அனுப்பாதவங்ககிட்டயும் ரூஸ்வெல்ட் ஆதரவு அதிகமா இருந்துச்சு. அதே தேர்தல்ல ஜார்ஜ் கேலப் ரொம்பச் சின்ன சாம்பிளை வச்சு ஜெயிக்கப் போறவரைச் சரியா சொன்னார்.

படி 1: லிஸ்ட் எங்க இருந்து வருது?

ஆன்லைன் ஃபார்ம் மட்டும் போட்டா யார் விடுபடுவாங்க? 2019–21-ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு பதில் தருது. இந்தியக் கிராமங்கள்ல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தினவங்க 24.6 சதவீதம், ஆண்கள்ல 48.7 சதவீதம். இப்போ இந்த எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனாலும் அந்த இடைவெளி எந்தப் பக்கம் சாயுதுன்னு புரியுது இல்லையா? 50 வயசுக்கு மேல இருக்கிற ஆச்சி, தாத்தா இந்தக் கணக்குலயே இல்ல. வெள்ளத்துல முதல்ல மாட்டுறது அவங்கதான்.

சரி, ஃபோன் பண்ணலாம். நம்பர் லிஸ்ட் வேணும். விவசாயிகளோட நம்பர்னு கேட்டா பெரும்பாலும் பட்டாதாரர் நம்பர்தான் கைக்கு வரும். நிலம் அவர் பேர்ல இருக்கும், அவர் சென்னையில இருப்பார். வயல்ல இறங்கி வேலை பாக்குறவர் குத்தகைக்கு எடுத்தவரா இருப்பார், அவர் பேரு எந்த லிஸ்ட்லயும் இருக்காது. தண்ணி வந்தப்ப அங்க நின்னவர் அவர்தான்.

ரேண்டமா நம்பர் தட்டிப் பார்க்கலாமான்னு கேப்பீங்க. மொபைல் நம்பர் வரிசை டெலிகாம் வட்டம் வாரியா குடுக்கப்படுது, மாவட்ட வாரியா இல்ல. நம்பரைப் பார்த்து இது அம்பாசமுத்திரமா ஆவடியான்னு சொல்ல முடியாது. ஒரு மாநிலத்துக்கே சர்வே எடுக்கிறவங்களுக்கு இது ஒத்துவரும். ஒரு ஆத்துப் பள்ளத்தாக்குக்கு எடுக்கிற நமக்கு நேரம்தான் வீணாகும்.

நமக்கு ஒத்துவர்ற வழி, முதல் தடவை நேர்ல, அடுத்த தடவை ஃபோன்ல. இது புதுசு இல்ல. மத்திய அரசு எடுக்கிற பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் கணக்கெடுப்புல நகரத்து வீடுகளைத் திரும்பத் திரும்ப, மொத்தம் நாலு தடவை பாப்பாங்க. 2020 மார்ச்ல கோவிடால களப்பணி நின்னு ஜூன்ல திரும்ப ஆரம்பிச்சப்ப, ஏற்கெனவே ஒரு தடவை நேர்ல பார்த்த வீடுகளோட அடுத்த சுற்றைப் பெரும்பாலும் ஃபோன்லயே முடிச்சாங்க. முகம் தெரிஞ்ச வீடு, நம்பர் கையில இருக்கு, அதனால வேலை நடந்துச்சு.

எந்த ஊருக்குப் போறது? தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு இருக்கு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மேல்பகுதி, நடுப்பகுதி, கடைமடைன்னு மூணாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் சீட்டுப் போட்டு ஊர்களை எடுங்க. ஊருக்குள்ள தெரு வாரியா வீடுகளை வரிசைப்படுத்தி, ஒரு ரேண்டம் வீட்டுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு 10-வது வீடாப் போங்க. மெயின் ரோட்டுல இருக்கிற வீடுகளோட நிறுத்திடாதீங்க. பள்ளமான தெருவும் வாய்க்கால் கரை வீடும்தான் உங்களுக்கு வேணும். ஃபோன் இல்லாத வீட்டை லிஸ்ட்ல இருந்து வெட்டாம, "ஃபோன் இல்லை"ன்னு எழுதி வைங்க. அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை நேர்ல போகணும்.

படி 2: கேள்வி நம்ம ஊர்த் தமிழ்ல இருக்கா?

லிஸ்ட் சரியா இருந்தாலும் கேள்வி சொதப்பினா எல்லாம் போச்சு. வெள்ளத்துல எத்தனை நாள் வேலை போச்சுன்னு கேக்குறீங்கன்னு வைங்க. அதுக்கு முன்னாடி "நீங்க வேலை பாக்கீங்களா?"ன்னு ஒரு கேள்வி. முக்கூடல் பக்கமோ ஆலங்குளம் பக்கமோ ஒரு அம்மா என்ன சொல்லுவாங்க? "வேலைக்கெல்லாம் போகலப்பா, வீட்டுல சும்மாதான் இருக்கேன், பீடி சுத்துதேன்." ஃபோன்ல அவசரமாக் கேக்குறவர் "சும்மாதான் இருக்கேன்" வரைக்கும் காதுல வாங்கி "வேலை இல்லை"ன்னு டிக் பண்ணிடுவார். ஃபார்ம் அடுத்த கேள்வியைத் தாண்டிப் போயிடும். இலை நனைஞ்சு, புகையிலை வீணாப் போய், பல நாள் கூலி இழந்த ஒருத்தரோட நஷ்டம் உங்க டேட்டாவுல 0-னு பதிவாகும்.

இதுக்குத் தீர்வு எளிசு. "வேலை" என்கிற வார்த்தையை விட்டுட்டு, செயலைக் கேளுங்க: "வெள்ளத்துக்கு முந்தின வாரம் பீடி சுத்துனீங்களா? பாய் முடைஞ்சீங்களா? வயல் வேலைக்குப் போனீங்களா? நூறு நாள் வேலைக்குப் போனீங்களா? ஆடு மாடு பாத்தீங்களா?" ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஆமா, இல்ல.

பயிரைப் பத்திக் கேட்டாலும் இதே கதைதான். நெட்ல கிடைச்ச ஒரு கேள்வித்தாளை அப்படியே எடுத்தா அதுல குறுவை, சம்பா, தாளடின்னு இருக்கும். அது காவிரி டெல்டா கணக்கு. நம்ம பக்கம் கார், பிசானம். டிசம்பர் வெள்ளத்துல வயல்ல நின்னது பிசானம். தெரியாத பேரைச் சொல்லிக் கேட்டா மரியாதைக்கு "ஆமா தம்பி"ன்னு சொல்லிட்டு வச்சிடுவாங்க. அந்த "ஆமா"வுக்கு மதிப்பு கிடையாது.

கேள்வி எழுதும்போது இன்னும் நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கட்டாதீங்க. "எச்சரிக்கை சரியான நேரத்துல, புரியுற மாதிரி வந்துச்சா?" நேரத்துக்கு வந்து புரியாமப் போனவர் என்ன சொல்லுவார்?

ரெண்டு, பதிலை நீங்களே ஊட்டாதீங்க. "எச்சரிக்கை வந்துச்சு இல்ல?"ன்னு கேட்டா "ஆமா"தான் வரும். "சில வீட்டுக்குத் தகவல் வந்துச்சு, சில வீட்டுக்கு வரல. உங்க வீட்டுக்கு எப்படி?"ன்னு கேட்டா ரெண்டு பதிலும் சொல்றதுக்குச் சமமா ஈஸியா இருக்கும்.

மூணு, மணி கேட்காதீங்க. இருட்டு, மழை, பதட்டம். யாரும் வாட்ச் பார்த்திருக்க மாட்டாங்க. "கரன்ட் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? தெருவுக்குள்ள தண்ணி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" இது ஞாபகத்துல நிக்கும். வருஷக் கணக்குல கேக்கும்போதும் அப்படித்தான். "கடந்த அஞ்சு வருஷத்துல"ன்னு கேக்குறதை விட "2018 புஷ்கரத்துக்கு அப்புறம்"னு கேட்டா எல்லாரும் ஒரே புள்ளியில இருந்து எண்ணுவாங்க.

நாலு, ஃபோனும் ஸ்கிரீனும் வேற வேற. ஏழு ஆப்ஷனை ஃபோன்ல படிச்சா கேக்குறவர் மனசுல கடைசியா சொன்னதுதான் நிக்கும். ஸ்கிரீன்ல பார்த்தா முதல்ல இருக்கிறதைத் தொட்டுட்டுப் போற பழக்கம் உண்டு. அதனால ஃபோன்ல "தகவல் எப்படி வந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டுட்டு, அவங்க சொல்றதை நீங்க டிக் பண்ணுங்க. ஆன்லைன்ல ஆப்ஷன் வரிசையைக் கலைச்சுப் போடுற செட்டிங்கை ஆன் பண்ணுங்க.

எழுதின கேள்வித்தாளை நம்ம ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட டெஸ்ட் பண்ணாதீங்க. பத்துப் பதினைஞ்சு ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு, "இந்தக் கேள்வியை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. பாதி கேள்வியை மாத்த வேண்டி வந்தா நல்லதுதான், இப்போவே மாத்திடலாம்.

படி 3: ஃபோன் பண்ணும்போது

தெரியாத நம்பர்னா இப்போ யாரும் எடுக்கிறதில்ல, எடுத்தாலும் மோசடியோன்னு பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயமானது. முதல் 15 செகண்ட்ல எல்லாத்தையும் சொல்லிடுங்க: "வணக்கம் அண்ணாச்சி, நான் திருநெல்வேலில இன்ஜினியரிங் படிக்கேன். போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தோம்லா, அந்த வெள்ளம் பத்தின சர்வே. பத்து நிமிஷம் ஆகும். ஓ.டி.பி., ஆதார், பேங்க் விவரம் எதுவும் கேட்க மாட்டோம். விருப்பம் இல்லைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திடலாம்." சம்மதம் கேட்டுட்டுத்தான் அடுத்த வார்த்தை. நம்பரும் பேரும் ஒரு ஃபைல்ல, பதில்கள் இன்னொரு ஃபைல்ல இருக்கட்டும். 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்திருக்கு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம்மளை நம்பிப் பேசினவங்க நம்பர் குரூப்ல சுத்தக் கூடாது.

யார்கிட்ட பேசுறீங்கன்னு பாருங்க. வீட்டு ஃபோனை எடுக்கிறவர் பெரும்பாலும் ஆம்பளையா இருப்பார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லுதேன்"னு ஆரம்பிப்பார். பக்கத்துல இருக்கிற அம்மாகிட்ட குடுக்கச் சொல்லி மரியாதையாக் கேளுங்க. நேர்ல போனப்பவே வீட்டுல இருக்கிற பெரியவங்களை வயசு வரிசையில எழுதி, அதுல ஒருத்தரை ரேண்டமா தேர்ந்தெடுத்து வச்சிருந்தா இந்தக் குழப்பம் வராது. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா அதையும் குறிச்சு வைங்க.

ஒரு தடவை எடுக்கலைன்னா விட்டுடாதீங்க. வெவ்வேற நாள், வெவ்வேற நேரத்துல குறைஞ்சது அஞ்சு தடவை முயற்சி பண்ணுங்க. மத்தியானம் மட்டும் கூப்பிட்டா வயலுக்குப் போறவங்களும் கூலி வேலைக்குப் போறவங்களும் மொத்தமா விடுபடுவாங்க. ஒவ்வொரு காலுக்கும் முடிவு எழுதுங்க: முடிஞ்சுது, மறுத்தாங்க, எடுக்கல, சுவிட்ச் ஆஃப், தப்பான நம்பர். இந்த கால் லாக் இல்லாத டேட்டாவை நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க.

ஃபோன் பண்றவங்களும் பிழைக்கு ஒரு காரணம். இதைப் பிடிக்க ஒரு அழகான வழி நம்ம நாட்டுலயே பிறந்துச்சு. கொல்கத்தாவுல 1931-ல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கின மகலனோபிஸ், வங்காளத்துப் பயிர்க் கணக்கெடுப்புகள்ல ஒரே பகுதிக்கு ரெண்டு தனித்தனி சாம்பிள் எடுத்து, ரெண்டு தனித்தனிக் குழுவை அனுப்புவார். ரெண்டு பேர் முடிவும் ஒத்துப்போகலைன்னா எங்கயோ தப்புன்னு தெரிஞ்சிடும். நாமளும் பண்ணலாம். டீம்ல நாலு பேருக்கும் ஊர் வாரியாப் பிரிச்சுக் குடுக்காம, எல்லா ஊர் நம்பரையும் குலுக்கிப் போட்டுச் சமமாக் குடுங்க. அப்புறம் நாலு பேரோட சராசரியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மூணு பேருக்கு 55, 58, 60-னு வந்து ஒருத்தருக்கு மட்டும் 85 வந்தா, அவர் கேள்வியை எப்படிப் படிக்கிறார்னு உட்கார்ந்து கேளுங்க.

படி 4: ஆன்லைன்ல வர்றதை வடிகட்டுறது

ஃபார்ம் போட்டே ஆகணும்னா, முதல்ல அது தமிழ்ல இருக்கட்டும். மொபைல்ல திறந்து பாருங்க. அகலமான கட்டம் போட்ட கேள்வி சின்ன ஸ்கிரீன்ல வெட்டுப்பட்டு, கடைசி ஆப்ஷன் கண்ணுக்கே தெரியாது. எல்லாக் கேள்வியையும் கட்டாயம்னு போடாதீங்க. "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" ரெண்டும் வேணும். வேற வழி இல்லாம எதையாவது அழுத்தினா அது பதில் மாதிரியே தெரியும், ஆனா பதில் இல்ல.

வந்த பிறகு மூணு சோதனை. எல்லாக் கேள்விக்கும் ஒரே நம்பரை வரிசையா அழுத்தினவங்க யாரு? ஒண்ணுக்கொண்ணு முரண்படுற பதில் எது? அடுத்தடுத்த நேரத்துல ஒரே மாதிரி வந்த ரெஸ்பான்ஸ் எத்தனை? சந்தேகமானதை அழிச்சிடாம ஒரு தனி காலம்ல குறிச்சு வைங்க. அதோடயும் இல்லாமலும் ரெண்டு தடவை கணக்குப் போட்டு, முடிவு மாறுதான்னு பாருங்க.

படி 5: திரும்பிச் சரிபார்க்கிறது

முடிச்ச இன்டர்வியூல பத்துல ஒண்ணை எடுத்து, வேற ஒருத்தர் திரும்பக் கூப்பிட்டு, மாறவே மாறாத மூணு கேள்வி மட்டும் கேக்கட்டும். வீட்டுல எத்தனை பேர், வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா, முதல்ல பேசினது எந்த நாள். பதில் மாறினா முதல் இன்டர்வியூ உண்மையிலயே நடந்துச்சான்னு பாக்கணும்.

அடுத்து, வெளியில இருக்கிற கணக்கோட ஒப்பிடுங்க. உங்க சாம்பிள்ல பெண்கள் எத்தனை, 60 வயசுக்கு மேல எத்தனை, அந்த ஊர்ல உண்மையில எத்தனை? கொஞ்சம் குறைஞ்சா எடை குடுத்துச் சரி பண்ணலாம். ஒரு குழுவுல ஒருத்தர்கூட இல்லைன்னா எந்த எடையும் உதவாது. பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

இதெல்லாம் படிச்சிட்டு ஃபோன் சர்வேயே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க. கோவிட் காலத்துல இந்தியாவுல உண்மையில எத்தனை பேர் இறந்தாங்கன்னு பிரபாத் ஜா குழுவினர் 2022 ஜனவரியில 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதோட முக்கியமான பகுதி சுமார் 1.4 லட்சம் பெரியவங்ககிட்ட எடுத்த ஃபோன் சர்வே. அவங்க அந்த ஒண்ணோட நிறுத்தல. மருத்துவமனைகள்ல பதிவான இறப்புகளையும், 10 மாநிலங்களோட பிறப்பு இறப்புப் பதிவுகளையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. அவங்க சொன்ன சுமார் 32 லட்சம் அரசுக் கணக்கை விடப் பல மடங்கு அதிகம், அரசு அதை ஏத்துக்கல, விவாதம் நடந்துச்சு. ஆனா விவாதம் நடக்கிற அளவுக்கு அவங்க முறையை வெளிப்படையா எழுதி வச்சிருந்தாங்க. வேற வேற வழியில வந்த மூணு கணக்கு ஒரே பக்கம் கை காட்டினா அதைத் தூக்கிப் போடுறது கஷ்டம்.

நீங்க செய்ய வேண்டியது

ரிப்போர்ட்ல பை சார்ட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு பாரா எழுதுங்க. எத்தனை வீட்டைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை வீட்டுக்கு ஃபோன் இருந்துச்சு, எத்தனை பேர் எடுத்தாங்க, எத்தனை பேர் மறுத்தாங்க, எத்தனை முடிஞ்சுது, யார் விடுபட்டாங்க, அதனால எங்க முடிவு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கலாம். எட்டு வரி போதும்.

அதை எழுதினா உங்க எண் சின்னதாத் தெரியும். 300-னு சொன்னது 140 ஆகலாம். வைவாவுல கேள்வியும் கூட வரும். ஆனா கடைமடையில வாய்க்கால் கரை ஓரம் ஃபோன் இல்லாம இருக்கிற ஒரு வீடு அந்த எட்டு வரியிலயாவது கண்ணுக்குத் தெரியும். உங்க அலர்ட் சிஸ்டத்துல எஸ்.எம்.எஸ். மட்டும் போதாது, ஊர்ல ஒரு சைரனோ தண்டோராவோ வேணும்னு முடிவு பண்ண அதுதான் ஆதாரம்.

அடுத்த தடவை குரூப்ல யாராவது "ஃப்ரெண்ட்ஸ், ஃபார்ம் ஃபில் பண்ணுங்க ப்ளீஸ்"னு போட்டா கண்டிப்பா ஃபில் பண்ணுங்க. பண்ணிட்டு, வராதவங்க யாருன்னும் அவங்ககிட்ட கேட்டு வைங்க.